கார்ட்டில் இருந்த குரல்

புருஷன் மௌத்தாகி, விதவைக்குரிய இத்தாவில் நான் இருந்த காலம் அது. நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. கல்முனைக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற கம்ப்யூட்டர் கடை, எனக்கு அப்போது கொழும்பைவிடத் தூரம்.

அவருடைய போன் விபத்தில் அவரோடேயே நொறுங்கிவிட்டது. என் போனில் அவர் எழுதி அனுப்பியவைதான் இருந்தன, பேச்சு இல்லை. மிஞ்சியது அவருடைய கமராவின் மெமரி கார்ட் ஒன்று. கமரா முன்பே பழுது. அந்தக் கார்ட்டில் ஒலுவில் கடற்கரையில் எடுத்த வீடியோ இருந்தது. கமராவைக் கல்லின் மேல் வைத்துவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் சிரி புள்ள, காசா கேக்கன்?" என்பார். அந்தக் குரலை ஒருதரம் கேட்டால் போதும் என்றிருந்தது.

கார்ட்டை லெப்டொப்பின் பக்கத்தில் உள்ள துவாரத்தில் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. துடைத்துப் போட்டேன். ஊதிப் போட்டேன். பிஸ்மி சொல்லியும் போட்டேன். லெப்டொப் கல்லுப்போலக் கிடந்தது.

கடைக்கு அனுப்பலாம்தானே என்று கேட்பீர்கள். அந்தக் கார்ட்டில் தலை மூடாமல், வீட்டுச் சட்டையோடு நான் நிற்கிற படங்கள் இருந்தன. முன்பின் தெரியாத ஆண்களின் கையில் அதை எப்படிக் கொடுப்பது? வெளியே செருகிக் கார்ட்டைப் படிக்கிற ரீடர் ஒன்று வாங்கி வரும்படி தம்பியிடம் சொன்னேன். "ஓம் ராத்தா, நாளைக்கி" என்றான். மறுநாளும் நாளைக்கித்தான். மையித்தை அடக்கிய வேலை முழுவதையும் தலையில் போட்டுச் செய்தவன், ஒரு ரீடருக்கு ஏன் இப்படி இழுக்கிறான் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

கடைசியில் பக்கத்து வளவு டீச்சரைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிற பெண். அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து உட்கார்ந்தார். லெப்டொப்பில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்தார். உள்ளேயே இருக்கிற கார்ட் ரீடரின் பெயரே அதில் இல்லை.

"இப்பிடி ஒரு சாமான் தனக்குள்ள இரிக்கெண்டே இதுக்குத் தெரியா" என்றார்.

மறைந்து கிடப்பவற்றையும் காட்டச் செய்தபோது மங்கலாக ஒரு பெயர் வந்தது. அதை நீக்கிவிட்டு லெப்டொப்பை அணைத்து மறுபடி போட்டார். சரிவரவில்லை. ரீடரை இயக்குகிற மென்பொருளைப் புதிதாக ஏற்றினார். அதுவும் சரிவரவில்லை. பிறகு முழுதாக அணைத்து, சார்ஜரையும் பெட்டரியையும் கழற்றி, பவர் பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தார். "உள்ளுக்க தங்கின கரண்ட் எல்லாம் போகட்டும்."

மறுபடி போட்டு கார்ட்டைச் செருகியதும் 'டிங்' என்றது. நான் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதேவிட்டேன்.

திறந்தால் படங்கள் இல்லை. வீடியோ இல்லை. யாசீன், ரஹ்மான், முல்க் என்று குர்ஆன் ஸூறாக்களின் ஒலிப்பதிவுகள்தான் வரிசையாக நின்றன. டீச்சருக்கு விளங்கவில்லை. எனக்கு அந்த 'நாளைக்கி' விளங்கிவிட்டது. தம்பியைக் கூப்பிட்டேன்.

கதவடியில் நின்றபடியே சொன்னான். "அடக்கிப்போட்டு வந்த அண்டைக்கே இதே லெப்டொப்புல போட்டு அழிச்சிட்டன் ராத்தா. பாட்டும் படமும் கெடந்தா மச்சானுக்குக் கபுறுல பாவம் போய்க்கிட்டே இரிக்கும் எண்டாங்க. அதான் கார்ட் நெறைய ஓதல ஏத்தினன். நாம கேக்கக் கேக்க அவருக்கு நன்ம போகும்."

அழிந்ததை மீட்க வழியுண்டா என்று டீச்சரைப் பார்த்தேன். "மேலால வேற நெறைச்சி ஏத்தியிரிக்கி, இனி எடுக்க ஏலா" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதான். மச்சான்மேல் உயிரையே வைத்திருந்தவன். கெடுதல் நினைத்துச் செய்திருந்தால் நாலு கிழி கிழித்திருப்பேன். நன்மைக்கென்று செய்தவனை என்ன செய்வது? "நீ நல்லதத்தானே செஞ்ச" என்று நான்தான் அவனைத் தேற்றினேன். 

இப்போது காலையும் மாலையும் வீட்டில் அந்த ஓதல்தான் போகிறது. நிறுத்தச் சொல்ல எனக்கு வாயில்லை. ஓதுகிறவருக்கு நல்ல குரல். என் புருஷனின் குரலை நினைத்துப் பார்க்கக் கண்ணை மூடினால், ஓதுகிறவரின் குரல்தான் முந்திக்கொண்டு வருகிறது. நான் அழுகிறேன். குர்ஆனைக் கேட்டு என்னமாய் உருகுகிறாள் என்று, பார்க்க வருகிற பெண்கள் மெச்சிவிட்டுப் போகிறார்கள்.