குதிரைமுதுகில் மூன்றாவது குரல்

மலை ஏற வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். வீட்டில் மெத்தையும் போர்வையும் இருக்க, கொழும்பிலிருந்து விடியற்கால ரயிலில் வட்டகொடைக்கு வந்து இறங்கி அட்டைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும் என்று இவர்களுக்கு என்ன தலையெழுத்து? ஆனால் அவர்கள் என் கடையில்தான் பாண் ரொட்டியும் சம்பலும் தின்றார்கள். சோலைமலையும் என் கடை வாசலில்தான் அவர்களுக்காகக் காத்து நிற்பான். ஆகவே எரிச்சலை விழுங்கிக்கொண்டு தேநீர் ஊற்றினேன்.

சோலைமலை தேயிலைத் தோட்டத்தில் காடு வெட்டுகிறவன். தேயிலை முடிகிற இடத்துக்கு மேலே காடு, காட்டுக்கு மேலே குதிரைமுதுகு என்று நாங்கள் சொல்லும் நீண்ட முகடு. ஏழாயிரம் அடி உயரமாம். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் ஒருவர் பின் ஒருவராக நடக்க மட்டும் இடம். இந்தப் பக்கம் ஏறி முகட்டோடு நடந்து நானுஓயாப் பக்கம் இறங்கினால் மாலை ரயிலைப் பிடிக்கலாம். வெள்ளைக்காரத் துரைமாரின் இந்த மலையேறும் பைத்தியம் சுதந்திரத்துக்குப் பிறகு கொழும்பு வக்கீல்களுக்கும் வங்கிக்காரர்களுக்கும் தொற்றிக்கொண்டது. வருகிறவர்களுக்கு முன்னால் சோலைமலை நடப்பான். கடைசியில் அவன் மச்சான் அழகுமுத்து வருவான். சோலைமலையின் சித்தப்பா மகள் மீனம்மாவைக் கட்டியவன் அவன். ஊரையே கேலி செய்கிற வாய் அவனுக்கு. சோலைமலைக்கோ பத்துக் கேள்விக்கு ஒரு பதில்தான் வரும்; என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவான்.

மேலே போகிறவர்களுக்கு அவர்கள் இரண்டு கட்டளை போடுவார்கள். மூடுபனி இறங்கினால் இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும். பனிக்குள் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது முறை கூப்பிடும்வரை வாயைத் திறக்கக் கூடாது. மலையில் இருக்கும் முனி தெரிந்தவர் குரலில் இரண்டு முறைதான் கூப்பிடுமாம். பதில் கொடுத்தவன் அந்தக் குரலின் பின்னாலேயே போய்ப் பள்ளத்தில் விழுவான். மூன்றாவது முறையும் கூப்பிட்டால் அது மனிதன். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். கொழும்பார் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. கதவுக்கு வெளியே குரல் கேட்டால் என் உம்மா சாரா உம்மாவும் மூன்றாவது குரலுக்குத்தான் காத்திருப்பார்.

ஐம்பத்தாறாம் ஆண்டு மாசியில் அழகுமுத்து குதிரைமுதுகிலிருந்து திரும்பி வரவில்லை. ஒரு வக்கீல் தன் தூரக்கண்ணாடியை வழியில் எங்கோ வைத்துவிட்டாராம். அதை எடுத்து வர அழகுமுத்து வந்த வழியே திரும்பிப் போனபோது பனி இறங்கிவிட்டது. கீழ்த்தோட்டத்து ஆட்கள் பள்ளத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள். விசாரணையில் சோலைமலை, "ஒரு சத்தமும் கேக்கலங்க" என்றான். வக்கீலும் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. ஆளை அனுப்பியவர் அவர்தானே.

அதோடு சோலைமலை மலை ஏறுவதை விட்டுவிடுவான் என்று நினைத்தோம். விடவில்லை. முன்பு கூப்பிட்டால் போனவன், இப்போது ஆள் வராத ஞாயிற்றுக்கிழமைகளிலும் தனியாக ஏறினான். மீனம்மா எதிரே வந்தால் வேறு வழியில் திரும்பி நடந்தான். லயத்தில் அவள் இருந்தது அவனுடைய பக்கத்துக் காம்பரா, நடுவில் ஒரு சுவர்தான். ஒரே கூரை, ஒரே வாசல். எத்தனை காலம் அப்படித் திரும்பித் திரும்பி நடப்பது? பார்க்கிற எனக்கே கால் வலித்தது.

சில வருஷம் கழித்து என் மைத்துனன் நஸார் கொழும்பிலிருந்து வந்து, மலை ஏறியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவன் விழுந்து தொலைத்தால் என் மனைவிக்கு யார் பதில் சொல்வது? சோலைமலை முன்னால் நடக்க, நானும் போனேன். முகட்டின் நடுவில் பனி வந்தது. இரண்டு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மூவரும் ஒட்டி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் சோலைமலை கண்களை மூடிக்கொண்டு ஒரு விரலை உயர்த்தினான். பிறகு இன்னொரு விரலை உயர்த்தினான். அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தான். நான் உள்ளதைச் சொல்கிறேன், என் காதில் காற்றைத் தவிர எதுவும் விழவில்லை.

"என்ன ஓய் இது?" என்று கடைசியில் கேட்டேன்.

"மச்சான் கூப்பிடுறாரு, நானா. அன்னைக்கும் இப்பிடித்தான். 'மச்சான்'னு ரெண்டு தடவ. அந்த வக்கீலய்யா பதில் குடுக்க வாயத் தொறந்தாரு. நான் அவரு வாயப் பொத்திட்டேன். இந்தக் கையாலதான்."

"மூணாவது?"

"வரல. மச்சானுக்குத் தெரியாத சட்டமா? அவருன்னா மூணாவதும் கூப்பிட்டிருப்பாருல்ல? அதான் முனின்னு நெனச்சேன். இப்பவும் அப்பிடித்தான் நெனைக்கப் பாக்குறேன். என்னைக்காவது மூணாவது கூப்பிட்டா கேக்குறதுக்கு ஒரு ஆளு இங்க இருக்கணும்ல?"

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் நஸார்மேல் காட்டினேன். இறங்கும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அறுபத்திரண்டில் மீனம்மாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் முறைக்கு சோலைமலைதான் முன்னால் நிற்க வேண்டும். அவன் முடியாது என்றான். காரணமும் சொல்லவில்லை. மாமன் இருந்தும் வராத கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீடு என்ன நினைக்கும்? பெண்ணிடம் ஏதோ குறை என்றுதானே! தோட்டமே அதைப் பேசியது. ஒரு சனிக்கிழமை அவன் என் கடையில் நிற்கும்போது மீனம்மா உள்ளே வந்து வாசலை மறித்துக்கொண்டாள்.

"அண்ணே, இன்னைக்கு ஓட விடமாட்டேன். அவரு போனதுல இருந்து என் மொகத்த ஏன் பாக்க மாட்டேங்கிறீங்க? எம் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சீனி நிறுப்பதைப்போலக் குனிந்துகொண்டேன். அவன் சொன்னான். இரண்டு முறை கேட்டதை, பதில் கொடுக்காததை, வக்கீலின் வாயைப் பொத்தியதை, விசாரணையில் பொய் சொன்னதை எல்லாம் சொன்னான். "மூணாவது கூப்பிடலம்மா. கூப்பிட்டிருந்தா உசுரக் குடுத்தாவது போயிருப்பேன்" என்று கும்பிட்டான்.

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"அவரு எப்பண்ணே மூணு தடவ கூப்பிட்டாரு? வீட்டுலயும் ரெண்டு தடவதான். நான் பதில் சொல்லலன்னா மூணாவது கூப்பிட மாட்டாரு. எங்க இருக்கேன்னு பாக்க நேரா நடந்து வந்துருவாரு."

அவள் சொன்னது சோலைமலைக்குள் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். பனிக்குள் இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும் என்ற கட்டளையை மீறி, பதில் சொல்லாத மச்சானுக்கு என்ன ஆயிற்றோ என்று அழகுமுத்து எழுந்து நடந்திருக்கிறான். அந்த முகட்டில் எத்தனை அடி நடக்க முடியும்?

"கல்யாணத்துக்கு வாங்கண்ணே. நீங்க வராட்டி அவரும் வந்தமாதிரி இருக்காது" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். வாங்க வந்த மண்ணெண்ணெயை மறந்துவிட்டாள்.

அவன் போனான். மாமன் முறையெல்லாம் செய்தான். புது வேட்டி கட்டி, பந்தலில் யாரோ நிறுத்திவைத்த பொம்மையைப்போல நின்றதாகப் போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

அடுத்த மாதம் மலை ஏறிய கூட்டத்தில் ஒரு வங்கிக்காரர், நானுஓயாவில் ரயிலைப் பிடித்துப் போகாமல், முறைப்பாடு சொல்வதற்கென்றே என் கடைக்குத் திரும்பி வந்தார். உங்கள் ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது, பெண்கள் பயந்து அழுதுவிட்டார்கள் என்றார். பனி இறங்கியதும் எல்லாரையும் உட்காரச் சொன்னவன், தான் மட்டும் எழுந்து ஆளில்லாத பக்கம் திரும்பிக் கத்தினானாம்.

"என்னவென்று கத்தினான்?"

"'மச்சான், வராதீங்க, அங்கயே உக்காருங்க, நான் வர்றேன்' என்று. ஒரு தரம் கத்தினால் பரவாயில்லை முதலாளி. நிறுத்தி நிறுத்தி மூன்று தரம் கத்திவிட்டு, யாரோ பதில் சொல்லப் போவதைப்போலக் காது கொடுத்துக்கொண்டு நின்றான்."