முப்பது நாள் கிளி

என் கையெழுத்து நேராக வராது. எழுத்துப் பிழைகளும் இருக்கும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த ‘ர’ எங்கே வரும் என்பது இன்றைக்கும் தடுமாறும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். ஏழு வருடங்களுக்கு முன்னால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றைக் காம்பராவுக்கு ஒரு கம்பியூட்டர் வந்தது. அப்போதே அது பழசு. டவுனில் ரேடியோ, டீவி திருத்தும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். வயதில் மூத்தவர், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவர் கடை மூலையில் தூசியோடு கிடந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பேசுகிற ஆளும் இல்லை.

“வீட்ல பேசுறதுக்கு ஒன்னாவது வேணும்ல நானா” என்றாள். நானா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

நானா ஒரு சீடியைப் போட்டார். அதில் சின்னச் சின்ன விளையாட்டுகள் நிறைய இருந்தன. அவள் ஒரு கிளிப் படத்தைக் காட்டினாள். நானா அதைத் தட்ட, ஒரு நீலக் கோடு மெதுவாக நீண்டு பெட்டியின் கடைசி வரைக்கும் ஓடியது. பிறகு ஒரு கூண்டும், கூண்டுக்குள் பச்சைக் கிளியும் வந்தன. மைக்கில் நாம் சொல்லிக் கொடுப்பதை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நினைத்த நேரத்தில் நம்முடைய குரலையே கொஞ்சம் கீச்சாக்கித் திருப்பிச் சொல்லும்.

“இது முப்பது நாளைக்குத்தான் சும்மா பேசும் தங்கச்சி. பொறகு பதிவு பண்ணணும். இந்தக் கிளியச் செஞ்ச ஆளு வெளிநாட்ல இருக்கான்.”

“காசு கேப்பானா?”

“காசு கேக்கல்ல. படம் போட்ட போஸ்ட்கார்ட் ஒண்டு கேக்கிறான். சொவர்ல ஒட்டி வைக்கவாம். கார்ட் போய்ச் சேந்தா கடுதாசில நம்பர் அனுப்புவான். பழைய சீடி இது, ஆளு இருக்கானோ மவுத்தாப் போனானோ தெரியா.”

கம்பியூட்டரை அரிசிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தோம்.

அந்த முப்பது நாளும் எங்கள் வீட்டில் ஆள் நடமாட்டம் கூடியது போல இருந்தது. கிளி “தேத்தண்ணி ஆறுது” என்றது. அடுத்த காம்பராப் பிள்ளைகள் வந்தால் சிங்களத்தில் “கொஹொமத?” என்று சுகம் விசாரித்தது. எல்லாம் அவள் குரல். என் வாய்க்கு நேரே மைக்கைப் பிடித்து, “ஏதாச்சும் சொல்லுங்க” என்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இருபத்தொன்பதாம் நாள் அவளுக்குச் சலித்துப்போனது. மைக்கைத் தன் பக்கம் திருப்பி, “ஏங்க, கூப்புட்டா வாயத் தொறக்க மாட்டீங்களா?” என்றாள். கிளி அதையும் பிடித்துக்கொண்டது. அன்று முழுவதும் அது என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முப்பத்தோராம் நாள் கூண்டை ஒரு கறுப்புத் துணி மூடியிருந்தது. நானாவிடம் போனோம். அருவிப் படம் போட்ட கார்டை அவள் தேர்ந்தெடுத்தாள். நானா இங்கிலீஷில் எழுதினார்.

“பேரு?” என்று நானா கேட்டார்.

அவள் செக்ரோல் பெயரைச் சொல்லவில்லை. தோட்டத்தில் வேலைக்குப் பதிந்த பெயர் அது. சம்பளத்துக்கும் கடிதத்துக்கும் அதுதான். ஓப்பநாயக்கவில் அவள் பிறந்த வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயர் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

“செக்ரோல் பேரக் குடுத்தா கிளி தோட்டத்துக் கிளியாயிரும். இது என்னோடது” என்றாள். எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும், கணக்கப்பிள்ளை அதைக் காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டில் பெயர் வாசித்துக் கொடுப்பார் என்பது அப்போது எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் போனது. அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்று வைத்துக்கொண்டார்கள். அதற்கு மறுநாள் காலை, பெரட்டில் வேலைக்குப் பெயர் பதிந்து முடிந்ததும், கணக்கப்பிள்ளை ஒரு கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார். வெளிநாட்டு முத்திரை. அந்தப் பெயரை வாசித்தார்.

யாரும் அசையவில்லை.

“யாரு இது? நம்ம டிவிசன்ல இப்பிடி ஒரு ஆளா?” என்று இன்னொரு தரம் வாசித்தார்.

பின்னாலிருந்து ஒரு பெண், “யாருடி அது, வெள்ளக்காரன் லெட்டர் போடுறான்!” என்றாள். மற்றொருத்தி, “மாப்பிள கேக்குறானோ என்னமோ” என்றாள். களம் முழுக்கச் சிரிப்பு. நான் முன் வரிசையில் நின்றேன். அது என் மனைவி என்று சொன்னால் அவளை வைத்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அத்தனை பேர் முன்னால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. மூன்றாம் தரமும் கூப்பிட்டார். பிறகு கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். சாயந்திரம் தனியாகப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போனேன். அவள் உதடு காய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் கேட்டாள்:

“கடுதாசி வந்துச்சாங்க?”

“இன்னும் வரல” என்றேன். வந்தது என்றால், ஏன் கையில் இல்லை என்று சொல்ல வேண்டுமே.

“ஆளு செத்துத்தான் போயிட்டான் போல” என்று சிரிக்கப் பார்த்தாள். மறுநாள் விடியும் முன் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மின்சாரம் இருக்கும் நாட்களில் பெட்டியைப் போட்டுப் பார்ப்பேன். கறுப்புத் துணி அப்படியே இருக்கும். அவள் குரல் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு வழி கணக்கப்பிள்ளையிடம் இருக்கிறது என்பதும் தெரியும். அவர் தினமும் என் செக்ரோல் பெயரைக் கூப்பிடுவார். நான் “இருக்கேங்க” என்பேன். ஏழு வருடம் அப்படிப் போனது.

போன மாதம் கணக்கப்பிள்ளை வேலையை விட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். மேசையை ஒழித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன். அவள் பிறந்த வீட்டுப் பெயரை, அவள் போன பிறகு முதல் தடவையாக, சத்தமாகச் சொன்னேன்.

 அவர் மேசை லாச்சியின் அடியிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

“திருப்பி அனுப்ப மனசு வரல, கெடந்துச்சு. யாரு இது?”

“என் சம்சாரங்க ஐயா.”

“அன்னைக்கு மூனு தடவ கூப்புட்டேனே. நீ முன்னாலதானே நின்ன?”

“ஆமாங்க.”

“பெறகு ஏன்யா பேசல?”

நான் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நானாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை என்றாலும் போன ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கே வந்தார். பூதக்கண்ணாடியைக் கடிதத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், நான் ஒரு விரலால் தட்டினேன். பெயர் கேட்ட இடத்தில் அவள் பெயரைத் தட்டினேன். துணி விலகியது. கிளி தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. 

“ஏங்க, கூப்புட்டா வாயத் தொறக்க மாட்டீங்களா?”

நானா எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கிளியை நான் நிறுத்தவில்லை. அது தேத்தண்ணி ஆறுகிறது என்றும் சொல்கிறது. ஆனால் கூடுதலாகச் சொல்வது அதைத்தான். நான் சோறு போடும்போது, முகம் கழுவும்போது, முதுகுக்குப் பின்னால் கேட்கும். மைக்கின் வயரை எலி கடித்துவிட்டது, நான் என்ன சொன்னாலும் அதற்குக் கேட்காது. ஆனாலும் இன்று காலை பதில் சொன்னேன். “வந்துச்சும்மா. அன்னைக்கே வந்துச்சு” என்றேன். சொன்ன பிறகுதான் இந்தக் கொப்பியை எடுத்தேன்.

மார்ச் மாதம், பதினாறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.