துண்டுக்குள் பேசிய நிலம்

நான் மலையாள எல்லையிலுள்ள வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடித்தால், மாடு அந்த நிமிஷமே வாங்கியவருக்குச் சொந்தம். நிலத் தரகும் இப்படித்தான் என்று நினைத்தேன். அதற்குப் பரீட்சை, லைசென்ஸ் உண்டா என்று ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தாவைக் கேட்டேன். "அதொன்னும் வேண்டா" என்று சிரித்தார்.

அந்தத் தைரியத்தில் பழனியப்பன் என்ற விவசாயிக்கு நாலு ஏக்கர் முடித்துக் கொடுத்தேன். அதை வாங்க அவர் உழவு மாடுகளை விற்றார். அதற்கும் நானே தரகன். பத்திரம் மலையாளத்தில் இருந்தது. எங்கள் இருவருக்கும் அந்த எழுத்து தெரியாது. பதிவு முடிந்த பிறகுதான் குமாஸ்தா சொன்னார்: "இது ஜென்மமல்ல, காணம். கெடு கழிஞ்ஞா உடமஸ்தன் திரிச்செடுக்கும்." அதாவது, முழுச் சொந்தமான ஜென்மம் இல்லை; விற்றவருக்கே கெடு வரை அனுபவிக்கும் பாத்தியதை மட்டும்தான், கெடு முடிந்தால் உண்மையான சொந்தக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார்.

"ஏனுங்க, அப்ப பூமி என்னுதில்லீங்களா?" என்றார் பழனியப்பன். குமாஸ்தாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். விற்றவர் அதற்குள் வண்டியேறிவிட்டார். நான் தோளில் கிடந்த துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நிலம் என்று யார் கூப்பிட்டாலும், துண்டை விரிக்கும் முன்பே "ஜென்மமா, காணமா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிடுகிறேன். பழனியப்பன் பக்கத்தில் நின்றால் மட்டும் குரல் எழும்புவதில்லை.