கிளி விரட்டும் உத்தியோகம்

காலை ஆறு மணிக்கு நாமக்கல்லில் பஸ் ஏறினேன். யுத்த காலமாதலால் பெட்ரோல் இல்லை. பின்புறம் கரி அடுப்பு கட்டிய வண்டி. காளப்பநாயக்கன்பட்டி பத்து மைல், கட்டணம் மூன்றணா. மேடு வந்தபோதெல்லாம் இறங்கி நடந்தோம். அதற்குத் தள்ளுபடி கிடையாது.

"மலைக்குங்களா?" என்று டிரைவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். "என்ற வண்டிக்கே மூச்சு வாங்குது. பாத்து ஏறுங்க சாமி."

காளப்பநாயக்கன்பட்டியில் பழனிச்சாமி காத்திருந்தார். அடிவாரத்தில் சோளம் விதைக்கிற குடியானவர். அவருடைய அண்ணன் ராமசாமிக்குச் சில வருஷங்களாகச் சித்தப் பிரமை. யாரோ காதுக்குள் ஏசுவதாகச் சொல்லி, நாள் முழுவதும் பதிலுக்குக் கத்துவார். பழனிச்சாமியின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தச் சத்தம் கேட்டு, காபி ஆறுமுன் எழுந்து போனார்கள். அதன்பின் அண்ணனை, மிளகு வாங்கிப் பழகிய மலைக் குடியானவர் சடையனிடம் விட்டுவைத்தார். இப்போது சென்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிடலாம் என்று எண்ணம். மனு, டாக்டர் சர்டிபிகேட், மாஜிஸ்டிரேட் நேரில் பார்ப்பது, உத்தரவு, போலீஸ் துணை என்று அந்த வழியின் ஒவ்வொரு திருப்பமும் எனக்குத் தெரியும். கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவன். ஆளைப் பார்த்துவிட்டு, கேஸ் நிற்குமா என்று நான் சொல்ல வேண்டும்.

மலைக்கு ரோடு கிடையாது. எட்டு மணிக்கு ஒற்றையடிப் பாதையில் ஏறத் தொடங்கி, திருப்புலி நாடு என்ற மலைப் பகுதியில் சடையனின் காட்டை அடைந்தபோது பகல் ஒன்றரை. கார்த்திகை மாதம், தினை முற்றித் தலை சாய்ந்து நின்றது. நடுவில் நான்கு கால் பரண். அதன்மேல் ராமசாமி பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

சடையன் எங்களைக் கண்டதும் புகாரைத் தொடங்கினார். "வந்த புதுசுல ஊட்டுக்குள்ள கத்துனாருங்க, புள்ளைங்க தூங்கல. பரணுல ஏத்தி உட்டேன். கத்துறதுதான அங்க வேல? ஒரு கிளி எறங்கல. இப்ப பாதி நேரம் வாய மூடிக்கறாருங்க. சீக்கு முத்திப் போச்சோன்னு பயமா இருக்குது."

களி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்தாள். "ஊரு ஒலகத்துல பைத்தியம் தெளியோணும்னு கோழி நேந்துக்குவாங்க. எங்க ஊட்டு ஆம்பள, மறுபடி கத்தோணும்னு நேந்திருக்கறாருங்க!"

சாப்பிட்டதும் பழனிச்சாமி பரணுக்குக் கீழே போய் நின்றார். நானும் போனேன்.

"அண்ணா, அந்தப் பேச்சு நின்னு போச்சா?"

"எங்கடா நிக்குது? பேசிக்கிட்டுத்தான் இருக்கறானுக."

"பின்ன, பதிலுக்குக் கத்தக் காணமே?"

"கிளி வரட்டும்னு வெச்சிருக்கறேன். ரண்டு பேத்துக்கும் சேத்து ஒரே கத்து. தொண்ட வலிக்குதல்லோ?"

சற்று நேரத்தில் ஒரு கிளிக் கூட்டம் வந்து இறங்கியது. ராமசாமி எழுந்து நின்று, "போங்கடா திருட்டு நாய்களா!" என்று ஆரம்பித்துக் கொடுத்த வசவில் எது கிளிக்கு, எது மற்றவர்களுக்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கிளிகள் பிரித்துப் பார்க்கவில்லை, பறந்தன. அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"கேஸ் நிக்குங்களா?" என்று பழனிச்சாமி மெல்லக் கேட்டார்.

"டாக்டர் வரும்போது கிளியும் வந்தால் நிற்கலாம்" என்றேன்.

மேலிருந்து குரல் வந்தது. "ஏண்டா பழனி, நம்ம சோளம் எப்ப முத்தும்?"

"தை மாசம், அண்ணா."

"இங்க அறுப்பு முடிஞ்சுதுன்னா எனக்கு வேல இல்ல. தையில வாரேன். பரண் போட்டு வெப்பியா?"

பழனிச்சாமி தலைத்துண்டை அவிழ்த்தார், உதறினார், மறுபடி கட்டினார்.

மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினோம். எங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் முதலில் ஜன்னலைச் சாத்துவோம், அடுத்து மனு எழுதுவோம். அங்கே கிளிகளும் குறைவு. அடிவாரம் தெரிந்தபோது பழனிச்சாமி கேட்டார்.

"ஏனுங்க, பரண எங்க போடறது? கெணத்தோரம் நெழல் இருக்குது."

கிணற்றோரம் வேண்டாம் என்றேன்.

"அப்ப ரோட்டோரந்தான். போறவன் வாரவனெல்லாம் கேப்பான். பொண்ணு பாக்க வாரவனும் கேப்பான்." கொஞ்ச தூரம் நடந்தார். "எங்கண்ணன் காட்டுல காவல் இருக்கறாருன்னு சொல்லிக்கறேன். பொய்யில்லீங்களே?"

பொய்யில்லை என்றேன்.