கிணற்றுப் பொந்தில் இருந்த சாக்குருவி

எங்கள் அண்ணி மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் அவர் கையால் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டவர்கள்தான். அவருடைய நல்ல குணங்களை நான் அடுக்க ஆரம்பித்தால், நாத்தனார் வாயிலிருந்து இவ்வளவு புகழ்ச்சியா என்று நீங்களே சிரிப்பீர்கள். அதனால், அவர் இந்த வீட்டில் இருப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் நான் நடுங்கிய நாட்களைப் பற்றி எழுதுகிறேன்.

அண்ணி பிறந்தது மொரப்பூர் பக்கம். தந்தையார் ரயில்வேயில் பாதை பராமரிக்கும் கேங்மேன். தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்பில் குழாயடித் தண்ணீர் பிடித்து வளர்ந்தவருக்கு நீச்சல் தெரியாது. அறுபதுகளின் முடிவில் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, பாலக்கோட்டை அடுத்த எங்கள் ஊருக்கு வந்தார். வந்த வாரமே எங்கள் வயல் கிணற்றோரத்து வேப்பமரத்தில், நல்ல வெயிலில், சாக்குருவி உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்துவிட்டார்.

சாக்குருவி என்பது மைனா அளவே உள்ள சின்ன ஆந்தை. அது அலறினால் வீட்டில் சாவு விழும் என்று எங்கள் பக்கம் நம்பினார்கள். புதுப்பெண் வந்த கையோடு அது தென்பட்டால், அவளோடு வந்தது என்பார்கள். குருவி போகிற வரைக்கும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போனவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு.

அம்மா முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார். அடுத்த மாதமே அண்ணன் விஷக்காய்ச்சலில் விழுந்தார். அப்பா அவரோடு தருமபுரி ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட, வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். பொழுது சாய்ந்தால் கிணற்றுப் பக்கமிருந்து அந்தக் கிறீச்சிடல் கேட்கும். கெட்ட சகுனம் கழிய, அம்மா ஓடிப்போய் அடுப்பில் உப்பை அள்ளிப் போடுவார். உப்பு படபடவென்று வெடிக்கும். அண்ணியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு மாமா, "காச்சல் எறங்கவே மாட்டேங்குதுங்க. டாக்டரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு" என்றார்.

அம்மா அவரிடமே, "மொரப்பூர் போறவங்க யாருகிட்டயாச்சும் சொல்லி அனுப்புங்க. அவங்கப்பா வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டார். அடுப்படியில் நின்ற அண்ணியின் காதிலும் அது விழுந்தது.

மறுநாள் மத்தியானம் அண்ணியைக் காணவில்லை. களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "கெணத்துப் பக்கம் போச்சுங்களே" என்றாள். அம்மா தலைமுடி அவிழ ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். சில வருடங்களுக்கு முன் அதே கிணற்றில் ஒரு பெண் விழுந்து செத்திருந்தாள். எங்கள் இரண்டு பேர் மனதிலும் அதுதான் இருந்தது.

எட்டிப் பார்த்தோம். பாதி ஆழத்தில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கல்படியில் அண்ணி நின்றிருந்தார். கையில் குழைத்த மண். முகத்துக்கு நேராக ஒரு பொந்து. அதன் வாயில் சாக்குருவி. பழுப்பு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கண். தலையை மேலும் கீழும் ஆட்டி அண்ணியை முறைத்துக்கொண்டிருந்தது. கீழே கறுத்த தண்ணீர். நான் கத்தப் போனேன். அம்மா என் வாயைப் பொத்தி, "சத்தம் போடாதடி, பயந்து வுழுந்துருவா" என்றார்.

அண்ணி மண்ணைத் தண்ணீரில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே வந்தார்.

"பொந்த அடைச்சிரலாம்னு போனேன் அத்தை. உள்ள குஞ்சுங்க இருக்குதுங்க. என்னால முடியல. என்னை அனுப்பறதுன்னா அனுப்பிருங்க."

அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்த அம்மா, வீடு வந்து சேரும் வரை விடவில்லை. அன்று சாயங்காலமும் குருவி அலறியது, அம்மாவும் உப்புப் போட்டார். அவருடைய பயம் கொஞ்சமும் குறையவில்லை. என்னுடையதும்தான்.

அடுத்த நாள் அண்ணியின் தந்தையார் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. வாசலிலேயே நின்று, "கூட்டிட்டுப் போகச் சொன்னீங்கன்னு சொன்னாங்க" என்றார்.

"சொன்னேனுங்க சம்பந்தி. இப்ப அனுப்பறதா இல்லீங்க. உள்ள வந்து சாப்பிடுங்க" என்றார் அம்மா.

அண்ணன் தலைமுடியெல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமாக வீடு திரும்பினார். அண்ணி இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். படுக்கையில் கிடந்த அம்மாவுக்குக் கடைசி வரை கஞ்சி ஊட்டினார். அண்ணனையும் வழியனுப்பி வைத்தார். போன வருடம் மூச்சிரைப்பில் படுத்தவர் எழவேயில்லை. பிள்ளைகள் இருவரும் மாறி மாறி உடனிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், இறுதிக் காரியத்தில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணியின் தந்தையாருக்கும் சொல்ல வேண்டும். அவ்வளவு பேச்சுக்குப் பிறகு, கோபித்துக்கொண்டு மகளை அவர் அழைத்துப் போயிருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க முடியாது. எங்கள் வீட்டில் கை நனைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனியாகவே பஸ் ஏறினார். அவர் உயிரோடு இருந்தவரை எங்களில் ஒருவரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. அவர் எங்களை நம்பி விட்டுவிட்டுப் போன பெண்தான் எங்கள் அண்ணி.