சப்பாத்துப் பெட்டிப் பொட்டலங்கள்

புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் 'தின்னாதே' என்று எழுதிய ஒரு சின்னப் பொட்டலம் கிடக்குமே, அதைப் பார்த்தால் எனக்கு முன்பெல்லாம் சிரிப்புதான் வரும். காலுக்குச் சப்பாத்து வாங்கப் போன இடத்தில் அதைத் தின்கிற அளவுக்கு யாருக்குப் பசி? நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போகும். என் வீட்டுக்காரருக்குக் காது மிஷின் வந்த பிறகுதான் அந்தப் பொட்டலத்துக்கு நான் மரியாதை கொடுக்கக் கற்றுக்கொண்டேன்.

அவர் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் ஆலையில், உருளை மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர். தோட்டம் கைமாறி, நாங்கள் ஈப்போவுக்கு வந்து, அவர் ஒரு பள்ளிக்கூட வாசலில் ஜாகா என்கிற காவல் வேலைக்கு உட்கார்ந்த பிறகுதான் காது போனது தெரிந்தது. வலது காது சுத்தமாக இல்லை. இடது காதுக்கு மட்டும் மிஷின். ஈப்போவைச் சொல்ல வேண்டுமா? பகலெல்லாம் வியர்வை, சாயங்காலமானால் மழை. ஈரம் ஏறி மிஷின் இரண்டு தடவை ஊமையாகிவிட்டது. மிஷின் வாங்கிய கடைப்பெண் ஒரு மூடி போட்ட போத்தலைக் கொடுத்தாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சிலிகா ஜெல் மணிகள்.

"ஆன்ட்டி, தினமும் படுக்கும்போது பேட்டரிய எடுத்துட்டு மிஷின இதுல போட்டு மூடிடுங்க. மணி பச்சையா மாறுனா ஈரத்த குடிச்சிருச்சுன்னு அர்த்தம். கேக் சுடுற அவன் அடுப்புல சின்ன சூட்டுல வச்சு எடுங்க, திரும்ப ஆரஞ்சு ஆயிடும். தூக்கிப் போட்றாதீங்க லா."

அதன் பிறகு அது என் வேலையாயிற்று. தட்டில் பரப்பி, இரண்டு மணி நேரம் சூட்டில் வைத்து, மூடி ஆறவிட்டு, போத்தலில் கொட்டுவேன். பச்சை மணி ஆரஞ்சாக மாறுவதை அவன் அடுப்பின் கண்ணாடி வழியாகக் குந்தி உட்கார்ந்து பார்ப்பேன். அவருக்கு அது பெரிய வேடிக்கை. "டிவி பாக்குறியா?" என்பார்.

மகளுக்குக் கல்யாணம் முடிவானது. அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும், சின்ன வயதிலிருந்தே அப்படி. அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சாப்பாடு, மேளம் எல்லாம் எப்படி வேணா போவட்டும். சர்ச்சுல அவ 'சம்மதம்'னு சொல்றது என் காதுல விழணும். எனக்கு அது போதும்."

சனிக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை பார்த்தால் மணி முழுக்கப் பச்சை. மூன்று நாளாக விடாத மழை. அவன் அடுப்பு காலியில்லை. தாப்பாவிலிருந்து வந்த என் தங்கை அதைப் பிடித்துக்கொண்டு கேக்காகச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள். "இப்ப திறந்தா அமுங்கிரும்க்கா, நாளைக்கு எடுத்துக்க" என்றாள். நாளை வரைக்கும் பொறுக்கிற குணம் எனக்கு எப்போது இருந்தது? சம்பலுக்குக் காய்ந்த மிளகாய் வறுத்த குவாலிச் சட்டி அடுப்பில் சுடச்சுட இருந்தது. சூடு வீணாகிறதே என்று, குவாலியைக் காகிதத்தால் ஒரு துடை துடைத்துவிட்டு மணிகளைக் கொட்டிக் கிளறினேன். பத்தே நிமிஷத்தில் பளிச்சென்று ஆரஞ்சு! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ராத்திரி முழுக்க மிஷின் அந்த மணிக்குள் கிடந்தது.

காலையில் மிஷினை மாட்டினார். கொஞ்ச நேரம்தான்.

"ஆண்டவரே! காதுக்குள்ள நெருப்பு!"

ஹாலைச் சுற்றி அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத் தங்கை தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நான் பதறிப்போய் மிஷினைப் பிடுங்கி, மிளகாய்க் காரம் போகட்டும் என்று ஈரத் துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ஒரு மணி நேரத்தில் அவர் காது தேறிவிட்டது, மிஷின் செத்துவிட்டது. கடைக்குப் போன் போட்டேன். அன்று பொது விடுமுறை, யாரும் எடுக்கவில்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். மிஷினை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பரவால்ல லா. அவ வாய பாத்து புரிஞ்சிக்குவேன்" என்றார். எந்த வாயைப் பார்ப்பார்? முன் வரிசையில் உட்கார்ந்தால் பெண்ணின் முதுகுதானே தெரியும்! அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அப்போதுதான் தங்கை தன் புதுச் சப்பாத்தைக் காட்டப் பெட்டியைத் திறந்தாள். பொத்தென்று ஒரு பொட்டலம் விழுந்தது. உள்ளே இருப்பதும் அதே ஈரம் குடிக்கிற மணிதானே! நான் பாய்ந்து எடுத்தேன். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் புதுச் சப்பாத்துதானே! சுங்காயிலிருந்து வந்திருந்த கூட்டம், பிள்ளைகள், காருக்குள் கிடந்த பெட்டிகள் என்று ஒன்றையும் விடவில்லை.

"கல்யாண வீட்டுல மொய் வாங்குவாங்க, நீ என்னாக்கா பொட்டலம் வாங்குற?"

"வாய மூடிட்டு கத்திரிக்கோல எடு."

பொட்டலங்களை வெட்டி மணிகளை ஒரு கழுவித் துடைத்த தட்டில் கொட்டினேன். கேக்காவது கீக்காவது, எடு வெளியே என்றேன். இந்தத் தடவை அவசரமே படவில்லை. சின்ன சூடு, இரண்டு மணி நேரம், மூடி ஆறவைத்தது, எல்லாம் கடைப்பெண் சொன்னபடி. பிறகு ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மேலே மெல்லிய துணி விரித்து, மிஷினின் பேட்டரிக் கதவைத் திறந்து படுக்கவைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். அவர் நாலு தடவை திறந்து பார்க்க வந்தார். நாலு தடவையும் கையில் ஒரு அடி வைத்தேன்.

சனிக்கிழமை சர்ச் வாசலில்தான் டேப்பைப் பிரித்தேன். பேட்டரி போட்டு மாட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கேக்குதாங்க?" என்றேன்.

"ஏன் இப்படி கத்துற?" என்றார்.

போதகர் மகளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. தலைக்கு மேலே காற்றாடி கடகடவென்று ஓடியது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.

"சொல்லிட்டா!"

என் வீட்டுக்காரர்தான். காது மந்தமானவருக்கு மெதுவாகப் பேச எங்கே வரும்? சர்ச் முழுக்கச் சிரித்தது. மகள் திரும்பிப் பார்த்தாள், அவளும் சிரித்துக்கொண்டேதான் கண்ணைத் துடைத்தாள். இரண்டு காதும் நன்றாக இருக்கிற எனக்கு அந்த வார்த்தை கேட்கவே இல்லை.

"என்னாங்க சொன்னா?" என்று கேட்டேன். அவர் என் காதருகே குனிந்து, மகள் சொன்ன மாதிரியே மெதுவாகச் சொன்னார்.

"சம்மதம்."