ஸ்வெரேயின் மடியில் என் ஓவர்கோட்

போன ஞாயிறு மத்தியானம் என் ஓவர்கோட்டைக் கழற்றி ஒரு மனிதரிடம் கொடுத்தேன். கூடவே என் மானத்தையும் கொடுத்துவிட்டேன் என்பது இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். என் மகள் துளசி, ஏரிக் என்ற நோர்வேப் பொடியனைக் கட்ட விரும்புகிறாள். என் சம்மதம் வேண்டுமாம். பொடியன் நல்லவன்... ஆனால் குடும்பம்? "அவையள் சாதாரண ஆக்கள் அப்பா" என்றாள் அவள். சாதாரணம் என்றால் இல்லாத வீடு என்றுதானே அர்த்தம்?

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒஸ்லோவில் ஒரு பெரிய ஹோட்டலில், வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டுவதுதான் என் முதல் வேலை. ஒன்பது குளிர்காலம் செய்தேன். இன்றைக்கு எனக்கு இரண்டு உணவகங்கள் — யாரும் தூக்கித் தந்தவை அல்ல. ஒரு கோட்டைக் கையில் வாங்கினால் போதும், ஆளின் சம்பளத்தைச் சொல்லிவிடுவேன். படித்தவர்களால் முடியுமா?

அப்படிப்பட்டவன் மகளை இல்லாத வீட்டுக்குக் கொடுப்பதா? மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன்.

சந்திப்பு ஒரு சினிமாச் சங்கத்தில். பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படங்கள் போடுவார்கள். மேசையைச் சுற்றி இருந்து ஒருவரையொருவர் முழுசிப் பார்க்காமல் சேர்ந்து சிரிக்கலாம் என்பது ஏரிக் வீட்டாரின் யோசனை.

காரில் துளசி சொன்னாள். "அப்பா, இண்டைக்கு மட்டும் உங்கடை பெருமையளைக் கதையாதேங்கோ."

"நான் எப்ப பிள்ளை பெருமை கதைச்சனான்?"

பின் சீட்டில் என் மனைவி யோகம் இருமினாள்.

துளசி காரை நிறுத்தப் போக, நாங்கள் இருவரும் உள்ளே போனோம். வாசலில் வயதான ஒரு மனிதர். முழங்கையில் ஒட்டுப் போட்ட கம்பளிச் சட்டை. கை நிறைய ஆட்களின் கோட்டுகள். தொழில்காரனைத் தொழில்காரனுக்குத் தெரியாதா? என்னுடையதையும் கொடுத்து, நோர்வேஜியனில் சொன்னேன்: "கவனம். நல்ல கம்பளி. ஆணியில் மாட்டினால் கழுத்து கெட்டுவிடும்."

அவர் பணிவாகத் தலையாட்டினார்.

படம் தொடங்கிவிட்டது. துளசியும் ஏரிக்கும் இருட்டில் வந்து இருந்தார்கள். திரையில் ஒரு பணக்கார அப்பா. மகள் டாக்சி ஓட்டுகிறவனைக் காதலிக்கிறாள். அப்பா குதிக்கிறார். அந்த வீட்டுச் சமையல்காரிக்கு இருக்கும் மூளை முதலாளிக்கு இல்லை. அந்த டாக்சிக்காரனையே ஆள் தெரியாமல் வங்கி அதிபர் என்று நினைத்து அப்பா விருந்து வைக்கிறார்... நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

யோகம் காதுக்குள் கேட்டாள். "ஆரைப் பாத்துச் சிரிக்கிறியள்?"

"அந்த மொக்கு அப்பாவை."

"அது நீங்கள் தானே."

அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனம் வேலையில்லாமல் வரிசையில் நின்ற காலத்தில் அமெரிக்காவில் எடுத்த படங்களாம் இவை. பணக்காரனைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. வசதியான சிரிப்பு — சிரிக்கிறவன் ஒருநாளும் தன்னைப் பணக்காரன் என்று நினைப்பதில்லை, பாருங்கள்.

வெளிச்சம் வந்தது. பின் வரிசையில் அந்த வாசல் மனிதர். மடியில் என் ஓவர்கோட்! கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல் வைத்திருந்தார்.

"இவர்தான் என் அப்பா, ஸ்வெரே" என்றான் ஏரிக்.

"அங்கே ஆணிதான் இருந்தது" என்றார் ஸ்வெரே. "அதனால் நானே வைத்துக்கொண்டேன்."

இந்த நாட்டில் சங்கம் என்றால் உறுப்பினர்களே முறைவைத்து வேலை செய்வார்கள். இத்தனை வருஷம் இருந்தும் அது என் மண்டையில் ஏறவில்லை.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கை வந்தது. கதிரையில் கிடந்த அவருடைய பழைய ஜாக்கெட்டை எடுத்து, உதறி, கை நுழையும் உயரத்தில் விரித்துப் பிடித்தேன். அவர் கூச்சப்பட்டார். பிறகு நுழைத்தார். "இவ்வளவு சுகமாக நான் ஜாக்கெட் போட்டதே இல்லை" என்றார். இருக்காதா? இந்த நகரத்தில் என்னைப்போல் கோட் போட்டுவிட ஆளில்லை!

பதிலுக்கு அவர் என்னுடையதை விரித்துப் பிடித்தார் — தலைகீழாக. கை எங்கே போகிறது என்று தெரியாமல் நானும் அவரும் சுற்றிய சுற்றில், படத்தைவிடப் பெரிய சிரிப்பு.

"கலியாணத்துக்கு நாள் பாப்பம் பிள்ளை" என்று துளசியிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது அவள் மெல்லச் சொன்னாள். "அப்பா, அந்தக் கட்டடம் ஸ்வெரேயின்ரை. இன்னும் நாலு இருக்கு."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால் அவரிட்டைக் கோட்டைக் குடுத்திருப்பியளே?"

"எங்கை குடுக்கிறது?" என்றாள் யோகம். "ஓடிப்போய் அவரின்ரை கோட்டை வாங்கியிருப்பார்."

நான் கோட்டை வைத்து ஆளைச் சொல்வேன். அவள் கோட்டே இல்லாமல் சொல்வாள்.